22 நிமிடத் தாமதம்

ஆட்டம் காலை 10.30க்கு. நான் காரை நிறுத்திவிட்டு ஓடி வந்து புல்தரையின் ஓரத்தில் நின்றபோது மணி 10.52. என்னை எதிர்த்து விளையாட வேண்டிய பெண் தன் நான்கு பந்துகளையும் துடைத்து வரிசையாக வைத்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போட்டிகளைக் கவனித்துக்கொள்ளும் அங்கிள். அவர் கையிலிருந்த அட்டையில் என் பெயருக்கு எதிரே ஏற்கெனவே ஒரு கோடு விழுந்திருந்தது.

"சாரி அங்கிள், ரோட்டுல ஒரே ஜேம்."

"பரவாயில்லம்மா, முதல்ல தண்ணி குடி. ஆனா ஆட்டம் முடிஞ்சு போச்சு."

ஒரு பந்துகூட உருளாமல் முடிந்துபோன ஆட்டம் அது. எங்கள் கிளப்பின் உள்போட்டி விதிகள் இரண்டே பக்கம். அறிவிப்புப் பலகையில் எப்போதும் தொங்கும். அதில் ஒரு விதி, குறித்த நேரத்திலிருந்து 15 நிமிடத்துக்குள் வராதவர் தோற்றவராகக் கருதப்படுவார் என்கிறது. எனக்கும் தெரியும். ஆனால் அது கால் இறுதி. அந்த நிலை வரைக்கும் நான் வந்ததே அதுதான் முதல் தடவை.

அந்தப் பெண்ணுக்கு 19 வயது இருக்கும். கல்லூரி மாணவி. கிளப்பில் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. "எனக்குப் பரவாயில்லை அக்கா, விளையாடலாம்" என்று மலாயில் சொன்னாள். நான் நம்பிக்கையோடு அங்கிளைப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டினார். "அவ சொல்றதுக்கு நன்றி. ஆனா அது அவ முடிவு செய்ற விஷயம் இல்ல" என்று சொல்லிவிட்டு, அடுத்த ஆட்டக்காரர்களைக் கூப்பிடப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னபோது அவருக்கு வந்த முதல் கேள்வி, "நம்ம ஆளே இப்படிப் பண்ணிட்டாரா?" என்பதுதான். உண்மையைச் சொன்னால், என் மனதிலும் அதே கேள்விதான். எனக்குப் பந்தைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவரே அவர். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஒவ்வொரு ஞாயிறும் ஆட்டம் முடிந்து எனக்குத் தே தாரேக் வாங்கிக் கொடுப்பவர். ஏழு நிமிடத்தை அவர் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்?

லான் பவுல்ஸ் என்றால் பலர் பேரங்காடியில் பின்களைச் சாய்க்கும் போலிங் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இது வேறு. முதலில் ஜாக் என்ற சிறிய பந்தை உருட்டிவிட வேண்டும். அது பாயிலிருந்து குறைந்தது 23 மீட்டர் தூரத்தில் நிற்க வேண்டும். பிறகு நம் பெரிய பந்துகளை அதன் அருகில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். கேட்கச் சுலபம். ஆனால் பெரிய பந்து நேராக ஓடாது. அது ஒரு பக்கம் சாயும்படி செய்யப்பட்டது. வேகம் குறையக் குறைய வளைந்துகொண்டே போகும். ஜாக்கைக் குறிபார்த்து விட்டால் போய்ச் சேராது. விலக்கி விட்டால்தான் அருகில் வரும்.

நம் நாட்டுக்கு இதில் நல்ல பெயர் உண்டு. 1998ல் கோலாலம்பூரில் காமன்வெல்த் விளையாட்டு நடந்தபோது லான் பவுல்ஸ் போட்டிகள் புக்கிட் கியாராவில் நடந்தன. 2006ல் மெல்பர்னில் சித்தி சாலினா அகமட் ஒற்றையர் பிரிவில் தங்கம் வென்றார். ஆனால் நான் சேர்ந்தது பதக்கத்துக்காக இல்லை. அதிகாலை நிகழ்ச்சி செய்கிற வானொலி அறிவிப்பாளருக்கு மற்றவர்கள் வேலைக்குப் போகும் நேரத்தில்தான் ஓய்வு கிடைக்கும். அந்த நேரத்தில் என்னோடு விளையாடத் தயாராக இருந்தவர்கள் பணி ஓய்வு பெற்றவர்கள். அவர்கள் விளையாடியது இது.

பெரிய போட்டிகளில் ஆடுபவர்கள் ஒருவரை ஒருவர் வருடத்துக்கு ஒரு தடவை பார்ப்பார்கள். கிளப் உள்போட்டி அப்படியில்லை. இன்று தோற்கடித்தவரோடு நாளை ஜோடி சேர வேண்டும், நாளன்றைக்கு அவர் மகள் கல்யாணத்துக்குப் போக வேண்டும். அதனால்தானோ என்னவோ அந்த இரண்டு பக்கத்தில் எல்லாவற்றுக்கும் விதி இருக்கிறது. ஒற்றையரில் ஆளுக்கு நான்கு பந்து, முதலில் 21 புள்ளி எடுப்பவர் வென்றவர். யார் யாரோடு மோதுவது என்பதை எல்லார் முன்னிலையிலும் சீட்டுக் குலுக்கி முடிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கடைசித் தேதி உண்டு. மதியம் இடி மின்னல் வந்து ஆட்டம் நின்றால், அதுவரை எடுத்த புள்ளிகள் அப்படியே நிற்கும். வென்றவர்தான் முடிவைப் பலகையில் எழுத வேண்டும், தோற்றவர் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

தோற்றுப்போனவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. அடுத்த சுற்றுகளில் கூப்பிட்டால் மார்க்கராக நிற்க வேண்டும். இரண்டு வாரம் நான் கிளப் பக்கமே போகாமல் இருந்தேன். மூன்றாவது வாரம் அங்கிளிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது. "சனிக்கிழமை அரையிறுதிக்கு நீ மார்க்கர். 10.30." அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. விலகிவிடலாமா என்று யோசித்தேன். பிறகு, கூப்பிட்டும் வரவில்லை என்ற பேரும் எதற்கு என்று போனேன். 9.45க்கே போய்விட்டேன்.

ஆடியது அதே பெண். எதிரே கிளப்பின் பழைய சாம்பியன்.

மார்க்கரின் வேலை விசித்திரமானது. ஜாக்குக்குப் பின்னால், கொஞ்சம் ஒதுங்கி நிற்க வேண்டும். ஜாக்கைத் தொட்டு நின்ற பந்துக்குச் சாக்குக்கட்டியால் குறி போட வேண்டும். யாருடைய பந்து அருகில் இருக்கிறது என்று பக்கத்தில் இருக்கும் மார்க்கருக்குத்தான் தெளிவாகத் தெரியும். தொலைவில் பாயின் மேல் நிற்பவருக்குச் சரியாகத் தெரியாது. ஆனாலும் மார்க்கர் தானாக எதையும் சொல்லக் கூடாது. ஆட வேண்டியவர் கேட்டால், கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லலாம். பேசிச் சம்பளம் வாங்குகிற எனக்கு அது எவ்வளவு பெரிய தண்டனை என்று யோசித்துப் பாருங்கள்.

18க்கு 18 என்று இருந்தபோது அது நடந்தது. அந்தப் பெண்ணின் பந்து ஜாக்குக்கு அருகில் இருப்பதுபோல் அவள் பக்கத்திலிருந்து தெரிந்திருக்க வேண்டும். உண்மையில் எதிராளியின் பந்து அதைவிட நான்கு விரல் அருகில் இருந்தது. அவள் கையில் கடைசிப் பந்து. என்னிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தான் முன்னால் இருப்பதாக நினைத்து, வழியை மறிப்பதற்காகப் பந்தை முன்னாலேயே நிறுத்தினாள். எனக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. என் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தப் புள்ளி போனது. அதன் பிறகு ஆட்டமும் போனது.

கைகுலுக்கிவிட்டு வந்து, "அக்கா, நான் கேட்டிருக்கணும், இல்லையா?" என்றாள். ஆமாம் என்றேன். அவளுக்கு என்மேல் துளிக் கோபம் இல்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவளுக்கு உதவியிருப்பேன். ஆனால் அந்த உதவியை எதிரே நின்றவரின் பையிலிருந்து எடுத்துத்தான் கொடுத்திருக்க முடியும்.

அன்றைக்கு அங்கிள் தே தாரேக்கை என் முன்னால் வைத்துவிட்டு, "கோபம் போயிடுச்சா?" என்றார்.

"இல்ல அங்கிள். அந்தப் பொண்ணே விளையாடலாம்னு சொன்னா. அப்புறம் யாருக்கு நஷ்டம்?"

அவர் உடனே பதில் சொல்லவில்லை. பிறகு கேட்டார். "அவ வேற என்னம்மா சொல்ல முடியும்? அவ வந்து மூணு மாசம். நீ ரேடியோல பேசுற ஆளு, கிளப்புல எல்லாருக்கும் உன்னைத் தெரியும். எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்காங்க. முடியாதுன்னு சொல்ற சுதந்திரம் அவளுக்கு இருந்துச்சா?"

எனக்கு அது உறைக்கச் சிறிது நேரம் ஆனது. அந்தப் பெண்ணின் "பரவாயில்லை"யை நான் அனுமதி என்று எடுத்துக்கொண்டேன். அது மரியாதையாகவும் இருந்திருக்கலாம், பயமாகவும் இருந்திருக்கலாம். விதியைத் தளர்த்துவது எதிராளியின் நல்ல மனது என்று ஆகிவிட்டால், நாலு பேருக்குத் தெரிந்தவர்களுக்கு 22 நிமிடமும் கிடைக்கும், 40 நிமிடமும் கிடைக்கும். புதிதாக வந்தவர்களுக்கு 15 நிமிடம்தான். அங்கிள் அன்று தலையை ஆட்டியது அவள் சார்பாக. அவளால் சொல்ல முடியாத "முடியாது"வை அவர் சொன்னார்.

கோயில் கமிட்டி, பள்ளிப் பெற்றோர் சங்கம், இளைஞர் மன்றம் என்று நம்மில் பலர் ஏதாவது ஒன்றில் இருக்கிறோம். "நம்ம ஆளுதானே, பாத்துச் செய்யுங்க" என்ற வார்த்தையைக் கேட்காத கூட்டம் உண்டா? நானே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அப்போதெல்லாம் அந்த அறையில் "நம்ம ஆளு" இல்லாத ஒருவர் வாய்மூடி உட்கார்ந்திருந்திருப்பார் என்று நினைத்துப் பார்த்ததில்லை.

ஆனாலும் என் பக்கத்தில் ஒரு நியாயம் இருந்தது. அதை அங்கிளிடம் சொன்னேன். அன்றைக்கு நான் தூங்கிவிட்டுத் தாமதமாக வரவில்லை. 9 மணிக்கு வர வேண்டிய அறிவிப்பாளருக்கு உடம்பு சரியில்லை. மாற்று ஆள் வரும்வரை 9.40 வரை நான்தான் மைக்கில் இருந்தேன். வானொலியில் வெறும் அமைதியை விட்டுவிட்டு எழுந்து போக முடியாது. இப்படி ஷிப்ட் வேலை செய்பவர்கள், தாதியர்கள், சின்னக் குழந்தை வைத்திருப்பவர்கள் கிளப்பில் சேர வேண்டும் என்றால் அந்த விதி சரிதானா?

"சரியில்லதான். பணி ஓய்வு பெற்றவங்க எழுதின விதி அது" என்றார் உடனே. "அதை எழுத்துல கொடு. பொதுக்கூட்டத்துல வைப்போம். விதி தப்புன்னா திருத்தணும்மா. வளைக்கக் கூடாது."

எழுத உட்கார்ந்தபோதுதான் விதி எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தது. முதல் வரைவில், "நியாயமான காரணம் இருந்தால் ஆட்டத்தைத் தள்ளி வைக்கலாம்" என்று எழுதினேன். அங்கிள் பேனாவால் "நியாயமான" என்ற சொல்லை வட்டமிட்டார். "இதுலதான் எல்லாச் சண்டையும் வரும்." இரண்டாவது வரைவில், "எதிராளி சம்மதித்தால்" என்று இருந்தது. அதை அவர் சொல்லாமலே நானே அடித்துவிட்டேன்.

மூன்றாவதில் நிலைத்தது இது. ஒரு போட்டியில் ஒருவர் ஒரு முறை மட்டும் ஆட்டத்தைத் தள்ளி வைக்கக் கேட்கலாம். முந்தைய நாள் மாலை 6 மணிக்குள் ஒருங்கிணைப்பாளருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். காரணம் சொல்லத் தேவையில்லை. புதிய நாள் அந்தச் சுற்றின் கடைசித் தேதியைத் தாண்டக் கூடாது. அன்றைய தினமே திடீரென்று ஏதாவது நடந்தால், ஆட்ட நேரத்துக்கு முன்பே தகவல் கொடுத்தவருக்கு 15 நிமிடம் 30 நிமிடமாகும். எந்தக் காரணம் கொண்டும் எதிராளியிடம் நேரடியாகக் கேட்கக் கூடாது.

பொதுக்கூட்டத்தில் நான் முன்மொழிந்தேன். அங்கிள் வழிமொழிந்தார். அரை மணி நேரம் விவாதம் நடந்து, பெரும்பான்மையோர் கை உயர்த்தினார்கள். "அப்படின்னா போன வருசக் கால் இறுதி திரும்ப நடக்குமா?" என்று பின்வரிசையில் ஒருவர் கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். நடக்காது. புதிய விதி அடுத்த பருவத்துக்குத்தான். பலகையில் என் பெயருக்கு எதிரே போட்ட கோடு அப்படியே இருந்தது.

இந்த வருடக் குலுக்கலில் முதல் சுற்றிலேயே எனக்கும் அந்தப் பெண்ணுக்கும் சீட்டு விழுந்தது. ஆட்டத்துக்கு முந்தைய நாள் மதியம் ஒருங்கிணைப்பாளரிடமிருந்து தகவல் வந்தது. ஆட்டம் ஒரு வாரம் தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது. கேட்டது அவள்தான். காரணம் எனக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. "அக்கா தப்பா நினைப்பாங்களோ" என்று என்னிடம் வந்து தயங்கி நிற்க வேண்டிய நிலை அவளுக்கு வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை இருவருமே சீக்கிரம் வந்துவிட்டோம். அவள் ஒரு வருடத்தில் நன்றாகத் தேறியிருந்தாள். இப்போது மார்க்கரிடம் கேட்காமல் கடைசிப் பந்தை விடுவதில்லை. 21க்கு 13 என்று என்னைத் தோற்கடித்துவிட்டு, பலகையில் முடிவை எழுதிப் பேனாவை என்னிடம் நீட்டினாள். பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன்.