ஆறடி எட்டு அங்குலம்

நம் பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டி நடைபெறும் நாளில், உயரம் பாய்தல் பெரும்பாலும் மைதானத்தின் ஒரு மூலையிலேயே நிகழும். தொடக்கத்தில் அதனைக் கவனிப்போர் சிலரே. குறுக்குக்கோல் உயர உயரக் கூட்டமும் மெல்ல அப்பக்கம் நகரும். ஈற்றில் இருவர் எஞ்சும்போது ஓட்டப் போட்டியைக்கூட மறந்து அங்கே நிற்போம். அவ்வாறு நிற்கும் மாணவர் யாவரும் அறிந்திருக்க வேண்டிய பெயர் ஒன்று உண்டு: நாகலிங்கம் எதிர்வீரசிங்கம்.

பெரியவிளானைச் சேர்ந்த அவர் 1934 ஆகஸ்டில் பிறந்தவர். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் பயின்றவர். பதினெட்டு வயது நிரம்பு முன்னரே, 1952 இல், ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் இலங்கைக்காகப் பாய்ந்தார். பதக்கம் கிட்டவில்லை. அன்று வென்ற அமெரிக்கர் வோல்ற்றர் டேவிஸ், இளமையில் இளம்பிள்ளைவாதத்தால் நடை இழந்து மீண்டவர். பாய்ந்த உயரம் 2.04 மீற்றர். இவ்வெண்ணை வாசகர் சற்று நினைவில் வைத்துக்கொள்வாராக.

அக்காலத்துப் பாய்ச்சலை இன்றைய கண்கொண்டு நோக்குதல் கூடாது. முதுகைக் கீழ்நோக்கி வளைத்துக் கோலைக் கடக்கும் முறையை, அமெரிக்கரான டிக் பொஸ்பரி 1968 இல் மெக்சிக்கோவிற் பொன் வென்ற பின்னரே உலகம் கைக்கொண்டது. அக்காலத்தில் விழுவதற்குப் பஞ்சணை ஏது? மணலிலோ மரத்தூளிலோ இறங்க வேண்டும். முதுகால் விழுந்தால் முதுகெலும்புக்கே கேடு. ஆதலின் கோலுக்கு மேலே உடலைப் பக்கவாட்டிலோ வயிற்றுப்புறமாகவோ உருட்டி, கை கால்களை ஊன்றி இறங்குவதே அன்றைய வழக்கம்.

பின்னர் அவர் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்திற் பயின்றார். 1960 இல் ரோமில் பத்து நிகழ்ச்சிப் போட்டியிற் பொன் வென்ற ரேஃபர் ஜோன்சனும் அப்பல்கலைக்கழகத்தவரே. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் விளையாட்டு என்பது பெருஞ்செல்வம் புரளும் துறை. கால்பந்து என்று பெயர் வைத்துவிட்டுக் கையால் எறிந்தாடும் ஆட்டம் ஒன்று அவர்களுக்கு உண்டு. அதில் எறிவதில் வல்ல இளைஞன் தொழில்முறைக் கழகத்திற் சேர்ந்து ஊதியம் பெறலாம். முன்பு கூறிய டேவிஸ்கூடக் கூடைப்பந்தாட்டத்தைப் பின்னர் தொழிலாக்கிக்கொண்டவர்தாம். உயரம் பாய்பவனுக்கு அவ்வழி இல்லை. அன்றைய ஒலிம்பிக் விதிகள் பணத்திற்கு ஆடுவோரை உள்ளே விடா. நம்மவர் கோலையும் கடந்தார், புத்தகத்தையும் விடவில்லை.

1958 மே 24 ஆம் நாள் மூன்றாவது ஆசிய விளையாட்டு விழா ரோக்கியோவில் தொடங்கியது. எதிர்வீரசிங்கம் 2.03 மீற்றர் பாய்ந்து பொற்பதக்கம் வென்றார். ஏறக்குறைய ஆறடி எட்டு அங்குலம்; நம் பழைய வீடுகளின் வாசல்நிலைகள் பல அதனிலும் தாழ்ந்தவை. ஆறாண்டுகளுக்கு முன் ஒலிம்பிக்கையே வென்ற உயரத்திற்கு ஒரு சென்ரிமீற்றர்தான் குறைவு. ஆசிய விழாக்களில் இலங்கை பெற்ற முதற் பொன் அதுவே.

அந்த நாட்கள் எத்தகையவை என்பதை நம் குடும்பங்களிற் பல மறந்திரா. மே மாதம் 22 ஆம் நாளளவில் பொலன்னறுவையில் மூண்ட வன்செயல் சில நாட்களிற் கொழும்பு வரை பரவிற்று. தமிழர் வீடுகள் எரிந்தன, உயிர்கள் மாண்டன. 27 ஆம் நாள் அவசரகாலநிலை பிரகடனமாயிற்று. பத்திரிகைகளுக்குத் தணிக்கை விதிக்கப்பட்டது. அகதி முகாம்களில் ஒடுங்கியிருந்தோரைக் கப்பலேற்றி வடக்கே அனுப்பினார்கள். உடுத்த உடையோடு காங்கேசன்துறையில் இறங்கியோர் எத்தனை பேர்! ஒரு தமிழன் வென்றமைக்காக ரோக்கியோவிற் சிங்கக்கொடி முதன்முறையாக மேலேறிய விழாவும், தமிழராய்ப் பிறந்தமைக்காக அக்கொடியின் நாட்டிலேயே மக்கள் துரத்தப்பட்ட கொடுமையும் ஒரே காலத்தில் நிகழ்ந்தன. இவ்விரண்டையும் ஒருங்கே வைத்துப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்பது நம் கருத்து. பதக்கக் கதையை மட்டும் சொன்னால் அது பாதிக் கதை.

1962 இல் ஜகார்த்தாவில் மீண்டும் பாய்ந்து வெள்ளிப் பதக்கம் பெற்றார். அதன்பின் கோர்னெல் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்று, சியெரா லியோனிலும் நைஜீரியாவிலும் கற்பித்தார், யுனெஸ்கோவிலும் பணிபுரிந்தார். பின்னாளில் நம் பகுதிப் பிள்ளைகளின் கல்விக்காகவும் விளையாட்டுக்காகவும் பலமுறை தாயகம் வந்து உழைத்தார். 2024 ஏப்ரலில், தமது 89 ஆவது வயதில், லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிற் காலமானார்.