ஒட்டிக்கொண்ட காயிலும் ஒரு லட்சம் கிலோமீட்டரும்

பழைய பெட்ரோல் காரில் ஸ்பார்க் பிளக் மாற்றக் கிளம்புபவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் பிளக்கில் இல்லை. அதற்கு மேலே உட்கார்ந்திருக்கும் இக்னீஷன் காயிலில்தான். வீடியோவில் பார்த்தால் எல்லாம் சுலபம். பானட்டைத் திறக்கிறார்கள், வயர் சாக்கெட்டைப் பிடுங்குகிறார்கள், பத்தாம் நம்பர் போல்ட்டைக் கழற்றுகிறார்கள், காயிலை மேலே தூக்கினால் 'பொளக்' என்று ஒரு சத்தம், கையோடு வந்துவிடுகிறது. (அந்த வீடியோக்களில் வரும் இன்ஜின்கள் எல்லாம் கல்யாண வீட்டுப் பாத்திரம் மாதிரி பளபளப்பதை யாரும் கவனிப்பதில்லை!) எட்டு, பத்து வருடம் ஓடிய காரில் அதே காயிலைப் பிடித்து இழுத்தால் அசையவே அசையாது. இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்தால் மேலே இருக்கும் பிளாஸ்டிக் தலை மட்டும் தனியாகக் கையில் வரும். மீதி உள்ளேயே இருக்கும். அந்த நேரத்தில் காரின் சொந்தக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே...

முந்தைய தலைமுறைக் கார்களுக்கு இந்தத் தலைவலி கிடையாது. அம்பாசடர், பிரீமியர் பத்மினி, கார்புரேட்டர் வைத்த மாருதி 800 எல்லாவற்றிலும் மொத்த இன்ஜினுக்கும் ஒரே ஒரு காயில். அது எங்கோ ஒரு ஓரத்தில் தகர டப்பா மாதிரி நின்றுகொண்டிருக்கும். அங்கிருந்து டிஸ்ட்ரிபியூட்டர், அதிலிருந்து தடித்த வயர்கள், வயர் நுனியில் ஒரு தொப்பி. தொப்பியைக் கையால் பிடுங்கிவிட்டு, டி ஸ்பானர் போட்டு பிளக்கைக் கழற்றி, எமரி ஷீட்டால் தேய்த்து, கேப் பார்த்து மறுபடி மாட்டிவிடுவார்கள். டாக்ஸி ஸ்டாண்டில் சவாரிக்குக் காத்திருக்கும் நேரத்தில் டிரைவரே செய்துகொள்கிற வேலை அது. சில ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை திறந்து மூடிக்கொண்டே இருந்ததால் எதுவும் எதோடும் ஒட்டிக்கொள்ள நேரமே கிடைக்கவில்லை.

பிறகு ஒவ்வொரு பிளக்குக்கும் ஒரு காயில் என்ற ஏற்பாடு வந்தது. ஸ்வீடனின் சாப் கம்பெனி 1980களின் கடைசியிலேயே காயில்கள் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் அடைத்து நேரே பிளக்குகளின் தலையில் உட்கார வைத்தது. இந்தியாவில் 2008ல் ஏ-ஸ்டாரோடு வந்த மாருதியின் கே சீரிஸ் இன்ஜின்கள் இந்த அமைப்பைச் சின்னக் கார்கள் வரைக்கும் கொண்டுவந்தன. இதில் லாபம் உண்டு என்பதை மறுக்க முடியாது. பேட்டரியின் 12 வோல்ட்டை இருபதாயிரம், முப்பதாயிரம் வோல்ட்டாக ஏற்றி, நீள வயரில் ஓடவிட்டு வீணாக்காமல், பிளக்கின் தலையிலேயே கொடுத்துவிடலாம். எந்த சிலிண்டருக்கு எப்போது பொறி வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டரே முடிவு செய்யும். தேய்ந்துபோக டிஸ்ட்ரிபியூட்டர் இல்லை.

ஆனால் பிளக் இருக்கும் இடம் மாறிவிட்டது. இரண்டு கேம் ஷாஃப்ட் வைத்த இன்ஜினில் பிளக் நடுவே, அரைச் சாணுக்கும் மேலான ஆழத்தில், ஒரு குழிக்குள் இருக்கும். காயிலின் கீழ்ப் பகுதி அந்தக் குழிக்குள் இறங்கி, நுனியில் இருக்கும் சிலிக்கோன் ரப்பர் உறையால் பிளக்கின் பீங்கானைக் கவ்விக்கொள்ளும். உறைக்குள் ஒரு ஸ்பிரிங். அதுதான் கரண்டை பிளக்கின் தலைக்குக் கொண்டுபோகிறது. கவ்வல் இறுக்கமாக இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் கரண்ட் பக்கவாட்டில் ஹெட்டுக்குத் தாவிவிடும், வண்டி மிஸ்ஸிங் அடிக்கும்.

இறுக்கமான ரப்பர், வழவழப்பான பீங்கான், கீழே நெருப்பு. இப்படியே பத்து வருடம் வைத்திருந்தால் என்ன ஆகும்? ரப்பர் சூடாகிச் சூடாகி, ஆறி ஆறி, பீங்கானோடு பசை போட்ட மாதிரி ஒட்டிவிடுகிறது. இது முதல் காரணம். டேப்பட் கவருக்கு அடியில், குழியைச் சுற்றி இருக்கும் ரப்பர் சீல் வயதானால் இறுகி வெடிக்கும், ஆயில் குழிக்குள் கசியும். ஆயிலில் ஊறிய உறை உப்பி, கொழகொழவென்று ஆகிவிடும். இது இரண்டாவது. மூன்றாவது தண்ணீர். இங்கே வாட்டர் சர்வீஸ் என்றால் பானட்டைத் திறந்து பிரஷர் பைப்பால் இன்ஜின் மேலேயே அடித்தால்தான் பலருக்குக் காசு கொடுத்த திருப்தி. அந்தத் தண்ணீர் காயிலின் மேல் சீல் வழியாக உள்ளே இறங்கினால் வெளியே வர வழியில்லை. பிளக்கின் இரும்பு உடம்பு துருப்பிடித்து, துரு மேலே ஏறி, உறையின் வாயைப் பிடித்துக்கொள்கிறது. இது போதாதென்று, மேலே இருக்கும் ரப்பர் வளையம் குழியின் வாயை அடைத்திருப்பதால் இழுக்கும்போது உள்ளே காற்றுப் புகாமல் கீழே உறிஞ்சும். பாட்டில் மூடி மாதிரி.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தக் கஷ்டத்தைக் கொண்டுவந்தது மோசமான பிளக் இல்லை, நல்ல பிளக். சாதாரண நிக்கல் பிளக் முப்பது, நாற்பதாயிரம் கிலோமீட்டரில் மாற்ற வேண்டியது. இரிடியம், பிளாட்டினம் முனை வைத்தவை ஒரு லட்சம் வரைகூடத் தாங்கும். வருடத்துக்குப் பத்தாயிரம் ஓடும் குடும்பக் காரில் ஒரு லட்சம் என்றால் பத்து வருடம். பத்து வருடம் யாரும் அந்தக் குழியை எட்டிப் பார்ப்பதில்லை. பிளக் தன் வாக்கைக் காப்பாற்றுகிறது. ஆனால் அதன் மேல் இருக்கும் ரப்பருக்கும் பிளாஸ்டிக்குக்கும் சீலுக்கும் யாரும் ஒரு லட்சம் கிலோமீட்டர் கணக்குப் போட்டுக் கொடுக்கவில்லை. சர்வீஸ் புத்தகத்தில் பிளக் மாற்றச் சொல்லும் வரி இருக்கும், காயிலைச் சும்மா ஒரு தடவை தூக்கிப் பார்த்து மறுபடி வைக்கச் சொல்லும் வரி பெரும்பாலும் இருக்காது. இது ஒரு பெரிய விடுபடல்தான்.

சரி, ஒட்டிய காயிலை எப்படி எடுப்பது? இழுக்கக் கூடாது. அதாவது முதலில் இழுக்கக் கூடாது, திருக வேண்டும். இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்தினால், கை வைக்கும் அளவு வெதுவெதுப்பில் ரப்பர் இளகியிருக்கும். சாவியை எடுத்துவிட்டு, முடிந்தால் பேட்டரியின் மைனஸ் வயரையும் கழற்றிவிடலாம். வயர் சாக்கெட்டின் கிளிப்பை அழுத்தி, சாக்கெட்டைப் பிடித்துத்தான் பிடுங்க வேண்டும், வயரைப் பிடித்து இல்லை. பத்து வருடச் சூட்டில் அந்தக் கிளிப் அப்பளம் மாதிரி ஆகியிருக்கும், நகத்தால் அழுத்தினாலே உடையும். பிறகு போல்ட். அதற்குப் பிறகு காயிலின் தலையைப் பிடித்து இடமும் வலமுமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப வேண்டும். முதலில் நூலளவு அசையும். அப்புறம் கால் சுற்று. பீங்கானிலிருந்து ரப்பர் விடுபடும்போது கைக்கே தெரியும், திடீரென்று லேசாகிவிடும். அதற்குப் பிறகுதான் தூக்குவது, அதுவும் திருகிக்கொண்டே, சாய்க்காமல் நேர் மேலாக.

திருகியும் வராவிட்டால் சிலிக்கோன் ஸ்பிரேயைக் குழியின் ஓரமாக விட்டு, பத்து இருபது நிமிடம் டீ குடிக்கப் போய்விடலாம். மண்ணெண்ணெய், டீசல், துருவுக்கு அடிக்கும் ஸ்பிரே எல்லாம் சிலிக்கோன் ரப்பரை உப்ப வைக்கும். வேறு வழியில்லாமல் அடித்தால் அந்த உறையை மறுபடி பயன்படுத்தக் கூடாது. ஃபோக்ஸ்வாகன் கார்கள் பலவற்றில் காயிலுக்கு போல்ட்டே கிடையாது, அழுத்தி வைத்திருப்பார்கள். அதைப் பிடித்துத் திருகவும் இடம் இருக்காது. தலைக்கு அடியில் கொக்கி போட்டுத் தூக்குவதற்கென்றே ஒரு கருவி இருக்கிறது, வாங்கிவிடுவது உத்தமம். ஸ்குரூ டிரைவரை அடியில் கொடுத்து நெம்புவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் யோசனை, எல்லாவற்றிலும் மோசமான யோசனையும் அதுதான். காயில் தப்பித்தாலும், இப்போது பல இன்ஜின்களில் டேப்பட் கவரே பிளாஸ்டிக். அது விரிசல் விட்டால் செலவு எங்கேயோ போய்விடும்.

எல்லாம் செய்தும் உறை கிழிந்து பாதி கீழேயே தங்கிவிடுவது உண்டு. அதற்குப் பதறத் தேவையில்லை. நீள மூக்கு பிளையரால் ஓரத்தைப் பிடித்து, அதே மாதிரி திருகி எடுத்துவிடலாம். பிளக் இன்னும் கழற்றப்படாததால் குழியின் அடி மூடியேதான் இருக்கிறது, துண்டு சிலிண்டருக்குள் போகாது. பல கார்களுக்கு உறையும் ஸ்பிரிங்கும் தனியாகவே கிடைக்கும், காயில் நன்றாக இருந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும். இதைச் சொல்லாமல் முழு காயிலையும் விற்கும் கடைகள் இருக்கின்றன என்பது வேறு விஷயம்.

தலை உடைந்தால்தான் சண்டை. பட்டறைகளில் இந்தக் காட்சி அடிக்கடி நடப்பது. "நல்லா ஓடிக்கிட்டிருந்த வண்டிப்பா, பிளக் மாத்தத்தானே விட்டேன்?" என்பார் ஓனர். "சார், அது ஏற்கெனவே போயிருந்தது சார், தொட்டதும் வந்துடுச்சு" என்பார் மெக்கானிக். இரண்டுமே உண்மையாக இருக்கலாம் என்பதுதான் சங்கடம். பிளக் தேயத் தேய முனைகளின் இடைவெளி கூடும், அதைத் தாண்டிப் பொறி குதிக்க காயில் அதிக வோல்டேஜ் கொடுக்க வேண்டியிருக்கும், உள்ளே சூடு ஏறும். பிளாஸ்டிக்கில் மயிரிழை விரிசல்கள் விழுந்திருக்கும், வண்டி ஓடும்போது எதுவும் தெரியாது. கழற்றும் நாளில் கழற்றியவர் கையில் அது உடைகிறது. ஓனருக்கு நாலு பிளக்கின் விலையை மீறி ஒரு காயிலின் விலை தலையில் விழுகிறது. மெக்கானிக்குக் கூலியும் போய், பேரும் போகிறது. தினக்கூலிக்கு நிற்கும் பையன் செய்திருந்தால் அவன் சம்பளத்தில் பிடிக்கிற முதலாளிகளும் உண்டு. இது அநியாயம். பத்து வருடம் சூட்டில் வெந்த பிளாஸ்டிக்குக்கு நேற்று வேலைக்கு வந்த பையன் எப்படிப் பொறுப்பாவான்?

விவரமான மெக்கானிக்குகள் முன்கூட்டியே பேசிவிடுகிறார்கள். ஸ்பானரைத் தொடும் முன் ஓனர் பக்கத்தில் நிற்கும்போதே இன்ஜினை ஓடவிட்டுக் காட்டுவது, ஒரு காயிலை மட்டும் திருகிப் பார்த்து "இறுக்கமா இருக்கு சார், உடைஞ்சாலும் உடையும், பண்ணலாமா?" என்று கேட்பது. வாய் வார்த்தைதான், ஆனால் பின்னால் வரும் பாதிச் சண்டை அங்கேயே முடிந்துவிடுகிறது.

காயில் வந்துவிட்டால் அடுத்தது பிளக். இங்கே கணக்கு தலைகீழ். காயிலுக்கு வெதுவெதுப்பு நல்லது, பிளக்குக்குக் குளிர்ந்த இன்ஜின்தான் நல்லது. ஹெட் அலுமினியம், சூட்டில் மரை மென்மையாக இருக்கும், பிளக்கோடு சேர்ந்து மரையும் உருவிக்கொண்டு வரலாம். அதனால் காயில்களை எடுத்துவிட்டு முழுதாக ஆறும் வரை காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் கம்ப்ரசர் காற்றால் குழியில் இருக்கும் மண்ணையும் துருவையும் ஊதிவிடலாம். ஊதாமல் பிளக்கைக் கழற்றினால் அவ்வளவும் நேரே பிஸ்டன் தலையில் போய் விழும். பிளக்கும் இறுகியிருந்தால் அங்கேயும் அதே பொறுமைதான். அமெரிக்காவில் 2004 முதல் 2008 வரை வந்த ஃபோர்டின் 5.4 லிட்டர் மூன்று வால்வு இன்ஜின்களில் பிளக்கின் நீளமான கீழ்ப் பகுதி கரியில் இறுகி, கழற்றும்போது இரண்டாக ஒடிந்துவிடும். அந்தக் கம்பெனியே தன் டீலர்களுக்கு அனுப்பிய செய்முறையில், முதலில் கால் சுற்றுக்கு மேல் திருப்பாதே, கார்புரேட்டர் கிளீனரை ஊற்றி ஊறவிடு என்றுதான் எழுதியிருந்தது.

மாட்டும்போது புது பிளக்கின் பீங்கான் தலையில் ஒரு துண்டு ரப்பர் குழாயைச் செருகி விரலால் சுற்றி இறக்குவது பழைய மெக்கானிக்குகளின் வழக்கம். மரை கோணலாகப் பிடித்தால் குழாய் வழுக்கிவிடும், ஸ்பானர் என்றால் தெரியாமலேயே இறுகி மரையைத் தின்றுவிடும். வாஷர் வைத்த புது பிளக்கை விரல் இறுக்கத்துக்குப் பிறகு அரைச் சுற்றோ, அதற்குச் சற்று மேலோ திருப்பினால் போதும். மரையில் கிரீஸ் தடவும் பழக்கத்தைப் பிளக் கம்பெனியான என்ஜிகேவே வேண்டாம் என்கிறது, தன் பிளக்குகளுக்கு ஏற்கெனவே பூச்சு இருப்பதால் கிரீஸ் போட்டால் அளவுக்கு மேல் இறுகிவிடும் என்று. கிரீஸ் போட வேண்டிய இடம் வேறு. ரப்பர் உறையின் உள் வாயில், சிலிக்கோனால் ஆன டைஎலெக்ட்ரிக் கிரீஸ், மெல்லிய பூச்சாக. ஸ்பிரிங்கில் அப்பக் கூடாது. அடுத்த தடவை காயில் கையோடு வருவது இந்தப் பூச்சைப் பொறுத்துத்தான்.

குழியில் ஆயில் இருந்திருந்தால் டேப்பட் கவரைத் திறந்து சீலையும் மாற்றாமல் மூடுவதில் அர்த்தமில்லை, ஆறு மாதத்தில் புது உறையும் ஊறிவிடும். கழற்றிய பழைய காயில்களில் நன்றாக இருக்கும் ஒன்றைத் துணியில் சுற்றி, ஒரு பத்தாம் நம்பர் ஸ்பானரோடு டிக்கியில் போட்டு வைப்பவர்களும் இருக்கிறார்கள். ராத்திரி நேரத்தில் பைபாஸில் ஒரு சிலிண்டர் நின்றுபோனால், கிரீஸ் பூசி மாட்டிய காயிலாக இருக்கும்பட்சத்தில், ஐந்து நிமிடத்தில் மாற்றிவிட்டுக் கிளம்பிவிடலாம்.