திகதியும் திதியும்

பத்திரிகை அலுவலகங்களில் இரவுப் பணியாற்றியவர்களுக்கு 'இன்று' என்னும் சொல் எப்போதுமே சிக்கலானது. சற்று முன்னர் முடிவடைந்த கூட்டத்தை 'நேற்று' என்று எழுதுவோம். விடிந்த பின் நடைபெறவிருப்பதை 'இன்று' என்போம். முகப்பில் மறுநாளின் திகதி ஏறியிருக்கும். புதிதாக ஆசிரிய பீடத்திற்கு வருவோருக்கு முதலிற் சொல்லிக்கொடுப்பது இதனைத்தான். நள்ளிரவு கடந்து வரும் ரயிலுக்குப் பயணச்சீட்டு வாங்குவோருக்கு இதனைச் சொல்லிக்கொடுக்க எவரும் இல்லை.

2017ஆம் ஆண்டின் ஆடி அமாவாசை ஜூலை 23ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. தந்தையை இழந்தவர்கள் விரதமிருக்கும் அந்த நாளில் யாழ்ப்பாணத்தவர் கீரிமலைக்குப் போவதே வழக்கம். ஆனால், அத்தானின் கடனை ஒருமுறையாவது இராமேஸ்வரத்தில் செய்யவேண்டும் என்பது என் அக்காவின் நெடுநாள் விருப்பம். அதற்குக் காரணமும் இருந்தது. அத்தான் சென்னையில் படித்த காலத்தில், தலைமன்னாரில் கப்பலேறி, தனுஷ்கோடியில் இறங்கி, அங்கு காத்திருக்கும் போட் மெயிலில் ஏறிப் போய்வந்தவர். கொழும்பு கோட்டையில் வாங்கிய ஒரே பயணச்சீட்டில் கடலையும் கடந்து சென்னை எழும்பூர்வரை போகக்கூடியதாக இருந்த காலம் அது. லண்டனில் இருக்கும் மருமகன் மூன்று நாள் விடுமுறையில் நேரே இராமேஸ்வரம் வந்து காத்திருப்பான். நானும் அக்காவும் சனிக்கிழமை பிற்பகல் விமானத்தில் திருச்சிக்குப் போய், அன்றிரவு ரயிலேறி, ஞாயிறு காலை இறங்கவேண்டும். இதுவே ஏற்பாடு.

சென்னையிலிருந்து மாலையில் புறப்படும் அந்த ரயில் திருச்சியைத் தொடும்போது நள்ளிரவு கடந்துவிடும். ஆகவே சனிக்கிழமை இரவு ஏறுபவரின் பயணச்சீட்டில் ஞாயிற்றுக்கிழமையின் திகதி இருக்கவேண்டும். கொழும்பில் நாம் நம்பியிருந்த பயண முகவரிடம், சனி இரவு ஏறி ஞாயிறு காலை இறங்கவேண்டும் என்று நாளின் பெயரைச் சொல்லியே கேட்டிருந்தேன். திருச்சியிலிருந்த தமது ஆள் மூலமாகக் கருமபீடத்தில் வாங்கிய சீட்டின் பிரதியைப் புதன்கிழமை நண்பகல் மின்னஞ்சலில் அனுப்பியிருந்தார். அதில் இருந்தது 22ஆம் திகதி.

தொலைபேசியில் அவர் சற்றும் கலங்கவில்லை. "ஐயா, 22 சனிக்கிழமைதானே? சரியாத்தான் கிடக்கு" என்றார். 22ஆம் திகதி பிறந்து சிறிது நேரத்தில் வரும் ரயில் வெள்ளிக்கிழமை இரவு ரயில் என்பதையும், நாங்கள் கட்டுநாயக்கவில் விமானம் ஏறும்போது அது இராமேஸ்வரத்தை அடைந்திருக்கும் என்பதையும் விளக்க எனக்குக் கால் மணித்தியாலம் பிடித்தது. "அப்ப ஒரு கார் பிடிச்சுப் போங்கோவன்" என்றார். மடக்க இயலாத முழங்காலுடன் இரவு முழுவதும் காரில் இருக்க அக்காவால் முடியாது. படுத்துக்கொண்டு போவதற்காகவே ரயிலைத் தெரிந்தோம்.

அக்காவிடம் சொன்னேன். சிறிது நேரம் பேசாமலிருந்தார். பின்னர், "தம்பி, அவங்கள் திகதியை மாத்தலாம். திதியை மாத்தேலாதே" என்றார்.

இந்திய ரயில்வே விதிகளின்படி, கருமபீடத்தில் வாங்கிய சீட்டின் பயணத் திகதியை ஒருமுறை முன்னோ பின்னோ நகர்த்தலாம். ஆனால் ரயில் புறப்பட 48 மணித்தியாலங்களுக்கு முன்னர், முன்பதிவு அலுவலகம் திறந்திருக்கும் நேரத்தில், அசல் சீட்டைக் கையளித்துச் செய்யவேண்டும். மாற்றும் நாளில் இடமும் இருக்கவேண்டும். வெள்ளிக்கிழமை நள்ளிரவு தாண்டி வரும் ரயிலுக்கு 48 மணித்தியாலம் பின்னோக்கி எண்ணினால் புதன்கிழமை நள்ளிரவு வரும். நள்ளிரவில் எந்த அலுவலகம் திறந்திருக்கும்? எப்படிக் கணக்குப் பார்த்தாலும் அன்று மாலைதான் கடைசி.

திருச்சியில் ஓய்வுபெற்ற நிருபர் ஒருவர் இருக்கிறார். என் நீண்டகால நண்பர். முகவரின் ஆளைத் தேடிப்பிடித்து அசல் சீட்டை வாங்கிக்கொண்டு அவர் நிலையத்திற்கு ஓடினார். 23ஆம் திகதி ரயிலில் காத்திருப்போர் பட்டியலைத் தவிர வேறொன்றும் இல்லை. அமாவாசைக்கு முந்திய இரவில் இராமேஸ்வரம் ரயிலில் அந்த நேரத்தில் வேறென்ன இருக்கும்? பட்டியலின் வாலில் தொங்குவதா, சீட்டை இரத்துச் செய்வதா என்று கேட்டார். இரத்துச் செய்யச் சொன்னேன். 2015 நவம்பரில் வந்த விதிப்படி, படுக்கை வகுப்பில் ஆளுக்கு 120 ரூபா கழிக்கப்பட்டது. மீதி கைக்கு வந்தது சொற்பமே.

எஞ்சியிருந்த வழி தட்கல். ரயில் புறப்படுவதற்கு முதல்நாள் காலை 11 மணிக்குப் படுக்கை வகுப்பிற்கான விற்பனை தொடங்கும். 23ஆம் திகதிச் சீட்டுக்கு 22ஆம் திகதி போனால் போதும் என்றே நண்பரும் எண்ணியிருந்தார். அவரைத் திருத்தியவர் கருமபீடத்திலிருந்த எழுதுநர்தான். தட்கலுக்கு நாம் ஏறும் நாள் கணக்கில்லை. ரயில் தனது முதல் நிலையத்தை விட்டுப் புறப்படும் நாளே கணக்கு. சென்னையில் அது புறப்படுவது சனிக்கிழமை. ஆகவே வெள்ளி காலையே வரவேண்டும். அந்த ஒரு வார்த்தையை அவர் சொல்லாமல் விட்டிருந்தால் எங்கள் பயணம் அத்துடன் முடிந்திருக்கும். வெள்ளி காலை ஏழு மணிக்கே நண்பர் வரிசையில் நின்றார். 11 மணி கடந்து சில நிமிடங்களில் ஒரு கீழ்ப் படுக்கையும் ஒரு நடுப் படுக்கையும் கிடைத்தன. புதிய சீட்டைப் பார்த்த அக்கா, "இதிலையும் பிழையோ? ஞாயிற்றுக்கிழமை எண்டு போட்டிருக்கு" என்றார்.

நள்ளிரவு மனிதரை மட்டுமல்ல, வரலாற்றையும் குழப்பியிருக்கிறது. தனுஷ்கோடியை அழித்த 1964 டிசம்பர் புயலைச் சிலர் 22ஆம் திகதி என்றும், சிலர் 23 என்றும் எழுதுவர். இரண்டும் பிழையல்ல. கடல் கொண்டுபோன அந்தப் பயணிகள் ரயில் பாம்பனை விட்டுப் புறப்பட்டபோது 22ஆம் திகதி முடியச் சில நிமிடங்களே இருந்தன.

சனிக்கிழமை இரவு திருச்சி நிலையத்தில் ரயில் வந்து நின்றது. எங்கள் பெட்டியின் வாசலில் ஒரு தகப்பன், தாய், இரண்டு பிள்ளைகள், ஒரு முதியவர். பரிசோதகர் அவர்களின் சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது நேத்து வண்டிங்க" என்றார். தகப்பன் சனிக்கிழமை என்று வாதாடினார். நான் கொழும்பில் சொன்ன அதே விளக்கத்தைப் பரிசோதகர் இரண்டே வசனங்களிற் சொன்னார். பலமுறை சொல்லிப் பழகியவர் போலும். முன்பதிவற்ற பெட்டிக்குப் புதிதாகச் சீட்டெடுக்குமாறு கூறினார். தகப்பன் படியேறி ஓட, மற்றவர்கள் மூட்டைகளுடன் ரயிலின் முன்பக்கம் நோக்கி ஓடினார்கள். முதியவரால் ஓட முடியவில்லை. சிறிது நேரத்தில் எங்கள் பெட்டி நகர்ந்தது.

காலையில் மருமகன் நிலையத்திலேயே நின்றான். அக்கினி தீர்த்தத்தில் கால் வைக்க இடமில்லை. அவன் எள்ளும் நீரும் இறைத்து முடித்துக் கரையேறும்வரை அக்கா என் கையைப் பிடித்தபடி நின்றார். பின்னர், "அந்தப் பிள்ளையள் வந்து சேர்ந்திருக்குங்களோ?" என்று கேட்டார். அந்தச் சனத்திரளில் தேடிப்பார்த்தேன், அவர்களைக் காணவில்லை.