பராக்கு

பராக்கு என்னும் சொல்லைக் கத்தோலிக்கத் தமிழருக்கு விளக்கத் தேவையில்லை. முதல் பாவசங்கீர்த்தனத்திற்கு ஆயத்தமாகும்போது, ஞானோபதேச வகுப்பில் நாம் பாடம் பண்ணிய குற்றங்களின் வரிசையில், பொய் சொன்னதற்கும் பெற்றோருக்குக் கீழ்ப்படியாததற்கும் அடுத்து, செபத்தில் பராக்காயிருந்தது என்பதும் தவறாமல் இடம்பெற்றிருந்தது. வேறு பாவம் எதுவும் நினைவுக்கு வராத பிள்ளைக்கும் அது கைகொடுத்தது. ஆனால் கூத்து மேடையில் அரசன் நுழையும்போது கட்டியக்காரன் "பராக்! பராக்!" என்று கூவுகிறானே, அங்கே அதன் பொருள் என்ன? கவனமாயிருங்கள், மன்னர் வருகிறார் என்பதே. கவனமின்மைக்கும் கவனத்திற்கும் தமிழில் ஒரே ஒலி. இரண்டும் வெவ்வேறு சொற்கள் என்று மொழியறிஞர்கள் சொல்லக்கூடும். அவர்களோடு வாதாட எனக்குத் தகுதியில்லை. ஆயினும் இவ்விரு பொருளும் ஓர் உடலில் நான்கு கால்களோடு ஓடுவதைச் சென்ற ஆண்டு முதல் எங்கள் பங்கு இல்லத்தில் கண்டு வருகிறேன்.

சிப்பிப்பாறை இனத்து ஆண் குட்டி அது. பங்கு மக்களில் ஒரு குடும்பம் பிழைப்பு தேடித் திருப்பூருக்குப் புறப்பட்டபோது, வாடகை வீட்டில் நாய்க்கு இடமில்லை என்று சென்ற ஆண்டு தவக்காலத்தில் என்னிடம் விட்டுச் சென்றார்கள். மூன்று மாதக் குட்டி. மணி என்று பெயரும் வைத்திருந்தார்கள். தமிழ்நாட்டில் பாதி நாய்களுக்கு அதுதான் பெயர். கோயில் வளாகத்தில் அந்தப் பெயர் படுத்தும் பாடு கொஞ்சமன்று. "மணி அடிச்சிரட்டுமா சாமி?" என்று கோயில்பிள்ளை கேட்கும்போதெல்லாம் அது காதை விறைத்து எழுந்து நிற்கும். மூவேளைச் செபத்திற்கு மணியடித்தால், தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று எண்ணுமோ என்னவோ, கோபுரத்தின் அடிக்கு ஓடிப்போய் மேலே பார்த்துக்கொண்டிருக்கும்.

விபத்துகளை அது தேடிப் போகிறதா, விபத்துகள் அதைத் தேடி வருகின்றனவா என்று சொல்வது கடினம். வந்த வாரத்திலேயே வண்ணத்துப்பூச்சி ஒன்றைப் பார்த்தபடி ஓடித் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்தது. தூக்கி விட்டோம், மறுநாள் மீண்டும் விழுந்தது. அணிலைத் துரத்திக் கெபியின் கம்பிகளுக்கிடையே தலையை நுழைத்துவிட்டு, எடுக்கத் தெரியாமல் அரைமணி நேரம் மாதாவைப் பார்த்தபடி நின்றது. தேங்காய் எண்ணெய் தடவித்தான் விடுவிக்க முடிந்தது. மூடியிருந்த கண்ணாடிக் கதவில் மூக்கை இடித்துக்கொண்டது எத்தனை முறை என்று எண்ணுவதை நிறுத்திவிட்டேன். இத்தனைக்கும் அது முட்டாள் நாயன்று. கண் போகும் இடத்திற்குக் கால் போய்விடுகிறது. இடையில் என்ன இருக்கிறது என்பது அதற்குத் தோன்றுவதில்லை.

கோயில் வளாகத்தில் நாய் எதற்கு என்று கேட்டவர்களும் உண்டு. திருவெளிப்பாட்டின் கடைசி அதிகாரத்தில் நாய்கள் நகருக்கு வெளியே நிறுத்தப்படுவதை ஒருவர் நினைவூட்டினார். விவிலியம் அறிந்த பங்கு மக்கள் இருப்பது எந்தக் குருவுக்கும் பெருமைதான். தோபித்து நூலை எடுத்துக் காட்டினேன். தோபியா நெடும்பயணம் புறப்படும்போது வானதூதர் இரபேலோடு ஒரு நாயும் உடன் போகிறது. திரும்பி வரும்போதும் பின்னால் வருகிறது. இடையில் அது எந்த அருஞ்செயலும் செய்ததாக ஆசிரியர் எழுதவில்லை. கூடவே போயிற்று, கூடவே வந்தது, அவ்வளவே. அவர் சிரித்துவிட்டார்.

நாய்களில் பெரும்பாலானவை மூக்கால் உலகை அறிகின்றன. சிப்பிப்பாறை அப்படியன்று. கரிசல் காட்டில் முயல் வேட்டைக்கென்றே தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்ட இனம்; கண்ணால் கண்டு, ஓடிப் பிடிப்பது அதன் இயல்பு. ஆழ்ந்த மார்பு, ஒட்டிய வயிறு, நீண்ட முகம். நம் பார்வை ஏறத்தாழ 180 பாகை அளவே விரிகிறது. நீண்ட முகத்தின் பக்கவாட்டில் கண்கள் அமைந்த இத்தகைய நாய்களுக்கு அது 270 பாகை வரை விரியும் என்பர். முதுகுப் பக்கம் அசையும் ஓலைகூட அதன் கண்ணில் படும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் முயல் வேட்டை குற்றமாகிவிட்டது. வேட்டை போயிற்று, கண் போகவில்லை. காற்றில் பறக்கும் நெகிழிப் பையும், துள்ளும் ஆட்டுக்குட்டியும், மிதிவண்டிச் சக்கரமும் அதற்கு இப்போது முயல்கள். நாம் பராக்கு என்கிறோம். அதற்கோ அதுதான் முழுக்கவனம்.

இந்த இடத்தில் புனித அகுஸ்தினாரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 'அறிக்கைகள்' நூலின் பத்தாம் புத்தகத்தில், ஆயராகிவிட்ட பிறகும் தம்மை இழுக்கும் சோதனைகளை அவர் பட்டியலிடுகிறார். அங்கே ஒரு நாய் வருகிறது! அரங்கில் நாய் முயலைத் துரத்தும் காட்சிக்கு நான் இப்போது போவதில்லை, ஆனால் வயல்வழியே போகும்போது அப்படி ஒன்று கண்ணில் பட்டால், பெரிய சிந்தனை ஒன்றில் ஆழ்ந்திருந்தாலும் என் மனம் அதன்பின் திரும்பிவிடுகிறது என்று பொருள்படச் சொல்கிறார். வீட்டில் பல்லி ஈயைப் பிடிப்பதும், சிலந்தி தன் வலையில் அவற்றைச் சிக்கவைப்பதும்கூட அவரை ஈர்த்துவிடுகின்றன. செபமே இப்படித்தான் இடையில் அறுந்துபோகிறது என்று வருந்துகிறார். ஹிப்போ நகரின் ஆயர், திருச்சபையின் மறைவல்லுநர், நாயோடு சேர்ந்து தாமும் முயலின் பின் ஓடியவர் என்பது எனக்கு எப்போதும் ஆறுதல் தரும் செய்தி.

சென்ற ஆண்டு ஜூன் மாதம், திருஇருதய நவநாள் நடந்துகொண்டிருந்த ஒரு மாலையில், சாலையின் எதிர்ப்புறம் ஆட்டுக்குட்டி ஒன்று துள்ளியது. நான்கடிச் சுற்றுச்சுவரை மணி ஒரே தாவலில் கடந்தது. சரக்கு ஆட்டோ ஒன்றில் அடிபட்டு விழுந்தது. ஓட்டுநர்மீது குறையில்லை, அவரே அதைத் தம் வண்டியில் ஏற்றிக் கால்நடை மருந்தகத்திற்குக் கொண்டுவந்தார். முன்னங்கால் எலும்பு முறிந்திருந்தது. "இந்த ஜாதிக்கு எலும்பு நீளம், சதை கம்மி, தோலும் காகிதம் மாதிரி. உடம்புல கொழுப்பு இல்லாததால மயக்க மருந்துகூட யோசிச்சுத்தான் கொடுக்கணும்" என்றார் மருத்துவர். மாவுக்கட்டு போட்டு ஆறு வாரம் ஓடவிடக் கூடாது என்றார். ஓடப் பிறந்ததைத் திண்ணையில் கிடத்தி வைத்திருந்த அந்த ஆறு வாரம் பற்றி எழுதப் பெரிதாக ஒன்றுமில்லை. அதன் கண்கள் மட்டும் நாள் முழுதும் ஓடிக்கொண்டே இருந்தன.

கட்டுப் பிரித்ததும் எல்லோரும் ஒரே ஆலோசனை சொன்னார்கள்: சங்கிலியில் கட்டிப் போடுங்கள். அது எளிய வழி. உயிருக்கும் பாதுகாப்பு. ஆனால் சங்கிலியில் கட்டியது ஒருநாள் அறுத்துக்கொண்டு போனால், திரும்பி வர அதற்குத் தெரியாது. எனவே ஒன்றை மட்டும் கற்பிப்பது என்று முடிவு செய்தேன். ஓடாதே என்று கற்பிப்பதன்று. அது அதன் இரத்தத்தில் உள்ளது. கூப்பிட்டால் திரும்பி வா என்பதை.

பாடம் மருத்துவர் சொல்லித் தந்ததுதான். ஒரு வேளைக்கு ஐந்து நிமிடம், அதற்குமேல் கூடாது. பெயரை ஒரே ஒருமுறை கூப்பிட வேண்டும். பத்து முறை கத்தினால் ஒன்பதைக் காதில் வாங்காமலிருக்க அது கற்றுக்கொள்ளும். வந்த அந்தக் கணத்திலேயே அவித்த ஈரல் துண்டு ஒன்று. தாமதித்தால் எதற்குக் கிடைத்தது என்று அதற்குப் புரியாது. (கருவாடு கொடுக்கலாமா என்று கோயில்பிள்ளை கேட்டார். உப்பு, வேண்டாம் என்றுவிட்டார்.) முதலில் ஒன்றும் அசையாத அறைக்குள், பிறகு வராந்தாவில், பிறகு முப்பதடிக் கயிறு கட்டி முற்றத்தில், ஆடு மேயும் மந்தைவெளி கடைசியில். ஒரு படியில் தவறினால் ஒரு படி இறங்கித் தொடங்க வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, எவ்வளவு நேரம் கழித்துத் திரும்பி வந்தாலும், வந்ததை அடிக்கவோ அதட்டவோ கூடாது.

இந்தப் பாடத்தை முற்றத்தின் ஓரத்திலிருந்து ஓர் அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமைகளில் கெபியில் மெழுகுதிரி ஏற்ற வருபவர். நான்கு ஆண்டுகளுக்கு முன் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் இருபது வயது மகளைப் பறிகொடுத்தவர். எழுதிக்கொள்ளுங்கள் என்று அவரே சொன்னதால் எழுதுகிறேன். இது பாவசங்கீர்த்தனத் தொட்டியில் நடந்த பேச்சன்று, வேப்பமரத்தடியில் நடந்தது.

"ஓடிட்டுத் திரும்பி வருதே சாமி, ஒரு அடி போட மாட்டீங்களா?"

"திரும்பி வந்ததுக்கு அடிச்சா, அடுத்த தடவை வராதேம்மா."

"ஓடினதுக்குத்தான அடி?"

"நமக்கு அது ஓடினதுக்கு அடி. அதுக்கு, வந்ததுக்கு அடி."

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, தாம் அன்பியக் கூட்டத்திற்கும் செபமாலைக்கும் வராமல் நின்றுவிட்ட காரணத்தைச் சொன்னார். மகள் காலையில் ஆலை வேனில் ஏறிப் போனவள். செபமாலையைக் கையில் எடுத்தால் மூன்றாம் மணிக்குள் வேனின் ஹாரன் காதில் கேட்கிறது. வாய் மங்கள வார்த்தையைச் சொல்கிறது, மனம் தெருமுனையில் நிற்கிறது. "பராக்கோட செபிச்சா பாவம்னுதான சாமி சின்ன வயசுல படிச்சோம். பாவத்தோட பாவமா அத எதுக்குச் செய்யணும்னு விட்டுட்டேன்."

குருமடத்தில் படித்தது எப்போது பயன்படும் என்று யாருக்கும் தெரியாது. புனித தோமா அக்குவினாஸ் தம் 'இறையியல் தொகுப்'பில், செபத்தைப் பற்றிய 83ஆம் வினாவில், செபத்திற்குக் கவனம் இன்றியமையாததா என்று கேட்கிறார். அவர் விடை மிகத் தெளிவானது. வேண்டுமென்றே மனத்தை அலையவிடுவது குற்றம். விரும்பாமலே அலைந்தால், இறைவனை நாடித் தொடங்கிய அந்த முதல் நோக்கம் செபம் முழுவதையும் தாங்கிக்கொள்கிறது. அந்தச் செபத்திற்குப் பேறு உண்டு. மன்றாட்டின் வலிமையும் உண்டு. ஒன்று மட்டும் இல்லாமல் போகலாம்: செபிக்கும்போதே கிடைக்கும் ஆன்ம ஆறுதல். அவர் நேர்மையாளர், அது கவனமின்றிக் கிடைக்காது என்று சொல்லிவிடுகிறார். பாதிக்கப்பட்டவர்களிடம் நாம் பெரும்பாலும் தலைகீழாகப் பேசுகிறோம். ஆறுதலை வாக்களிக்கிறோம், ஆறுதல் வராதபோது தம் செபமே செல்லாது போலும் என்று அவர்கள் எண்ணிக்கொள்கிறார்கள்.

1992இல் வெளிவந்த 'கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி'யும் 2729ஆம் எண்ணில் இதைத் தொடுகிறது. பராக்குகளை வேட்டையாடப் புறப்பட்டால் அவற்றின் வலையிலேயே விழுவோம், இதயத்திற்குத் திரும்பி வருவதே போதும் என்பது அதன் கருத்து. வேட்டை என்ற உருவகத்தை அங்கே பார்த்தபோது மணியை நினைத்துக்கொண்டேன். அதே பத்தி இன்னொன்றும் சொல்கிறது: நம் மனம் எங்கே போகிறதோ, எதன்மீது நாம் பற்று வைத்திருக்கிறோம் என்பதை அது காட்டிக்கொடுக்கிறது.

இவற்றில் பாதியைத்தான் அவரிடம் சொன்னேன். மரத்தடியில் அதற்குமேல் சொல்லக்கூடாது. "நெனப்பு அவகிட்டதான் போகுது சாமி. அதுவும் பராக்கா?" என்று கேட்டார். ஆட்டுக்குட்டிக்குப் பின்னால் போவதும் இறந்த மகளுக்குப் பின்னால் போவதும் ஒன்றாகிவிடுமா? "போன இடத்துல இருந்து அவளையும் கூட்டிட்டு வாங்கம்மா" என்றேன். அவர் தலையசைக்கவில்லை, மறுக்கவும் இல்லை. மெழுகுதிரி ஏற்றிவிட்டுப் போய்விட்டார்.

மணியின் கால் கூடிவிட்டது. குளிர் நாள்களில் இலேசாக நொண்டும். பயிற்சி மந்தைவெளிவரை வந்திருக்கிறது. ஆட்டுக்குட்டியைக் கண்டால் இன்றும் ஓடுகிறது. பத்தில் ஏழு முறை, பாதி தூரத்தில் நின்று, திரும்பிப் பார்த்து, வருகிறது. மற்ற மூன்று முறைக்காகக் கயிறு இன்னும் கழுத்தில் இருக்கிறது.

அக்டோபர் மாதச் செபமாலை அன்பியம் அன்பியமாக வீடுகளில் நடந்தது. இரண்டாம் வாரத்தில் ஒரு வீட்டில், கடைசி வரிசையில் அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். நான்காம் பத்துமணியை அவரைச் சொல்லச் சொன்னார்கள். ஐந்தாம் மங்கள வார்த்தையின் நடுவில், ஆலையிலிருந்து ஆட்களை ஏற்றிவந்த வேன் தெருமுனையில் நின்று ஹாரன் அடித்தது. அவர் நிறுத்திவிட்டார். பெண்கள் வேனிலிருந்து இறங்கிப் பேசிக்கொண்டே தெருவில் போகும் ஓசை கேட்டது. யாரும் அவருக்கு எடுத்துக் கொடுக்கவில்லை, காத்திருந்தோம். ஓசை அடங்கியதும் அந்த மங்கள வார்த்தையை முதலிலிருந்து தொடங்கினார். அன்று அந்தப் பத்தில் பதினொரு மங்கள வார்த்தை ஆகிவிட்டதாகத் திரும்பி வரும் வழியில் கோயில்பிள்ளை கணக்குச் சொன்னார்.