சின்னஞ்சிறு சுக்கான்

பாரீசிலிருந்து மகன் அனுப்பிய பெட்டியில் 'பிஸ்மார்க்' என்ற ஜெர்மன் போர்க்கப்பலின் மாதிரி, துண்டு துண்டாக. நிஜக் கப்பலில் 200-இல் ஒரு பங்கு. நீளம் சுமார் 125 செ.மீ. விளக்கக் குறிப்பு பிரெஞ்சில். பள்ளியில் படித்த மொழி எழுபது தாண்டியும் கைகொடுக்கிறது.

பீரங்கிகளைவிட, ரிமோட்டுக்குத் திரும்பும் இரட்டைச் சுக்கானைப் பொருத்தத்தான் எனக்கு அதிக நாள் பிடித்தது. காரணம் உண்டு. 1941 மே 26 மாலை, பிரிட்டிஷ் விமானம் போட்ட டார்பிடோ நிஜக் கப்பலின் சுக்கானைத்தான் முடக்கியது. நினைத்த பக்கம் திரும்ப முடியாமல் தவித்த கப்பல் மறுநாள் காலை மூழ்கியது. 2,000 பேருக்கு மேல் மாண்டார்கள். பிழைத்தவர்கள் நூற்றுச் சொச்சம்.

லீவுக்கு வந்த பேரன், "தாத்தா, இது சுடுமா?" என்றான்.

"சுடாது ராசா. ஆனா நல்லாத் திரும்பும்."