கோடவுன் தெருவுக்கு ஒரு நாள் யாத்திரை

காசிக்குப் போகிறவர்கள் நாள் பார்க்கிறார்கள். துணைக்கு ஆள் தேடுகிறார்கள். போய்வந்தவர்களிடம் வழி விசாரிக்கிறார்கள். பட்டணத்துக் கடைவீதிக்குப் போகிறவர்களோ பெரும்பாலும் இவற்றில் ஒன்றையும் செய்வதில்லை. 'ரயில் ஏறினால் பட்டணம், இறங்கினால் கடை' என்று புறப்பட்டுவிடுகிறார்கள். கால் வீங்கி, பை கனத்து, பணம் கரைந்து வீடு திரும்பிய பிறகுதான், எதை வாங்கப் போனோமோ அதை வாங்கவில்லை என்பது நினைவுக்கு வருகிறது. அந்தக் கதி நமக்கு நேரக்கூடாது என்று தீர்மானித்து, நாம் முன்கூட்டியே யோசனை செய்த விதத்தையும், அந்த யோசனை எவ்வளவு தூரம் பலித்தது என்பதையும் நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

தை மாதத்தில் நமது குடும்பத்தில் ஒரு கல்யாணம். முகூர்த்தப் பத்திரிகைக்குக் காகிதம் பார்க்க வேண்டும். உறவினருக்கு வைத்துக் கொடுப்பதற்கு ரவிக்கைத் துணியும் துண்டும் மொத்தமாக வாங்க வேண்டும். செங்கற்பட்டில் வசிக்கும் நாம் சென்னைக்குப் பல தடவை சென்றிருக்கிறோம். ஆனால் ஜார்ஜ் டவுன் என்னும் அந்தக் கடைச் சமுத்திரத்தில் ஒரு நாளும் இறங்கியதில்லை. ஆகவே கார்த்திகை மாதத்தில் ஓர் இரவு காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தோம். நமது இல்லத்தரசி ஜாபிதா சொல்லச் சொல்ல நாம் எழுதினோம். இருபத்துமூன்றாவது உருப்படியை எழுதிக் கொண்டிருந்தபோது, மூலையில் உட்கார்ந்திருந்த அத்தை வாய் திறந்தார். அவர் மதுராந்தகத்திலிருந்து வந்திருந்தார், வயது எழுபத்தெட்டு.

"என்னையும் அழைத்துக்கொண்டு போவாயா, அப்பா?"

"அந்தக் கூட்டத்தில் நீங்கள் எப்படி நடப்பீர்கள், அத்தை? என்ன வேண்டும் என்று சொல்லுங்கள், வாங்கி வந்துவிடுகிறோம்."

"வாங்குவதற்கு ஒன்றும் இல்லை. கோடவுன் தெருவை ஒரு தடவை பார்க்க வேண்டும்."

அத்தையின் கணவர், அதாவது நமது மாமா, முப்பது வருஷத்துக்கு மேல் மதுராந்தகத்தில் சிறிய ஜவுளிக் கடை ஒன்று நடத்தியவர். மாதம் தவறாமல் கொள்முதலுக்குக் கோடவுன் தெருவுக்குப் போவார். அவர் போகும் நாட்களில் கடையில் உட்கார்ந்து கஜக்கோல் பிடித்து வியாபாரம் செய்தவர் அத்தை. இருவரும் ஒருங்கே போய்விட்டால் கடையை யார் பார்ப்பது? ஆகவே முப்பது வருஷத்தில் ஒரு முறைகூட அத்தை அந்தத் தெருவைக் கண்டதில்லை. மாமா காலமாகிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. கடையும் இப்போது இல்லை.

"எங்கள் வீட்டில் உலை கொதித்தது அந்தத் தெருவினால். அது அகலமா, குறுகலா என்றுகூட எனக்குத் தெரியாது" என்றார் அத்தை.

எழுதிய காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதத் தொடங்கினோம்.

முதலில் நாளைத் தீர்மானித்தோம். ஞாயிற்றுக்கிழமையில் நடைபாதை வியாபாரம் அமளிப்படும். ஆனால் மொத்த வியாபாரக் கடைகளில் பெரும்பாலானவை மூடியிருக்கும். தீபாவளிக்கு முந்திய இரண்டு வாரங்களில் அங்கே நிற்கவும் இடம் இராது. ஆகையால் கார்த்திகையில் ஒரு புதன்கிழமையைக் குறித்தோம். அடுத்தபடி நேரம். அங்குள்ள கடைகள் பத்து மணிக்கு மேல்தான் சுறுசுறுப்பு அடைகின்றன. பிற்பகலில் சுமை ஏற்றும் வண்டிகள் தெருவை அடைத்துவிடுகின்றன. வயோதிகரை அழைத்துச் செல்வோர் பத்தரை மணிக்குக் கடைக்குள் இருப்பதே உத்தமம். மூன்றாவதாக ஜாபிதா. இருபத்துமூன்று உருப்படிகளை ஏழாகக் குறைத்தோம். இதற்கு நேர்ந்த வாக்குவாதத்தை இங்கே விவரிப்பது குடும்ப சமாதானத்துக்கு உகந்ததன்று. நான்காவதாக, எந்த வேலைக்கு எந்தத் தெரு என்று எழுதிக் கொண்டோம்.

இந்த நான்காவது விஷயந்தான் ஜார்ஜ் டவுனின் இரகசியம். ஒரே கடையில் எல்லாப் பொருளும் வாங்கிப் பழகிய நமக்கு அது முதலில் விளங்குவதில்லை. அங்கே தெருவுக்கு ஒரு தொழில். காகிதமும் கல்யாணப் பத்திரிகையும் ஆண்டர்சன் தெரு. துணி கோடவுன் தெரு. இயந்திரங்களும் பம்புகளும் லிங்கிச் செட்டித் தெரு. இரசாயனப் பொருள்களும் வைத்தியக் கருவிகளும் நைனியப்ப நாயக்கன் தெரு. ஒரு கடையில் விலை படியாவிட்டால் அடுத்த கடை மூன்றடி தூரத்தில் இருக்கிறது. வாங்குகிறவனுக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு வேறு என்ன வேண்டும்?

குறித்த நாளில் காலை மின்சார ரயிலில் ஏறினோம். செங்கற்பட்டிலிருந்து கடற்கரை நிலையம் சுமார் 60 கிலோமீட்டர். ஏறத்தாழ இரண்டு மணி நேரப் பிரயாணம். இந்தப் பாதையில் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-ஆம் ஆண்டில். பிரயாணம் முழுவதும் அத்தை ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, மாமா ஒவ்வொரு மாதமும் பார்த்திருக்கக்கூடிய நிலையங்களின் பெயர்களை வாய்க்குள் படித்துக்கொண்டே வந்தார்.

கடற்கரை நிலையத்தில் இறங்கி ராஜாஜி சாலையில் தெற்கே நடந்தால் வழிநெடுகப் பர்மா பஜார். பர்மாவில் 1962-இல் இராணுவ ஆட்சி ஏற்பட்டபின் உடைமைகளை இழந்து தாய்நாடு திரும்பிய தமிழர்களின் பிழைப்புக்காக 1969-இல் ஏற்பட்ட கடை வரிசை இது. வெறுங்கையுடன் கப்பலிலிருந்து இறங்கியவர்கள் இந்த நடைபாதையில் மறுபடியும் வாழ்வைத் தொடங்கினார்கள். அவர்கள் கொண்டுவந்த அத்தோ என்னும் பர்மியச் சிற்றுண்டி மாலை வேளையில் இந்தப் பக்கத்துத் தெருக்களில் இன்றும் கிடைக்கிறது.

பாரி முனையை அடைந்ததும் ஒரு நிமிஷம் நின்றோம். அங்குள்ள பெரிய கட்டடத்தின் வளாகத்துக்குள் ஒரு கல் தூண் நிற்கிறது. ஆயிரக்கணக்கானவர்கள் அன்றாடம் அதைக் கடந்து போகிறார்கள். ஏறிட்டுப் பார்க்கிறவர் அபூர்வம். அந்தத் தூணில் நமது தேசத்தின் கதை ஒன்று அடங்கியிருக்கிறது. 1639-இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் இந்தக் கரையில் இடம் பெற்றதன் முக்கிய நோக்கம் நமது கைத்தறித் துணியைக் கொள்முதல் செய்வதே. நெசவாளரும் சாயம் தோய்ப்போரும் துபாஷிகளும் கோட்டைக்கு வடக்கே குடியேறினார்கள். அந்த ஊருக்கு வெள்ளையர் வைத்த பெயர் கறுப்பர் பட்டணம். பிரெஞ்சுக்காரருடன் நடந்த யுத்தங்களுக்குப் பிறகு, கோட்டைப் பீரங்கிகளுக்கு எதிரே மறைப்பு இருக்கக்கூடாது என்று சொல்லி, அந்தப் பழைய ஊரை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். இந்த எல்லைக்கு இப்பால் எவரும் வீடு கட்டலாகாது என்பதற்கு அடையாளமாக 1773-இல் தூண்களை நட்டார்கள். எஞ்சியிருப்பது இந்த ஒன்றுதான். வெட்டவெளியாக்கப்பட்ட அந்தப் பூமியில்தான் 1892-இல் கட்டி முடிக்கப்பட்ட உயர்நீதிமன்றம் இப்போது சிவந்த கோபுரங்களுடன் நிற்கிறது. வீடு இழந்த ஜனங்கள் தூணுக்கு வடக்கே முத்தியால்பேட்டையிலும் பெத்தநாயக்கன்பேட்டையிலும் வியாபாரத்தை வளர்த்தார்கள். கறுப்பர் பட்டணம் என்ற பெயர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் ஜார்ஜ் டவுன் என்று மாறியது.

தம்புச் செட்டித் தெருவில் காளிகாம்பாள் சந்நிதியில் அத்தை சற்று உட்கார்ந்தார். இந்தத் தெருவில் இருந்த ஸ்ரீ ஜி. ஏ. நடேசனின் இல்லத்தில்தான், தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பிய காந்தியடிகள் 1915-இல் தங்கினார். அதற்கும் முன்பு, 1896 அக்டோபர் 26-ஆம் தேதி, தென்னாப்பிரிக்க இந்தியரின் குறைகளைப் பற்றிச் சென்னை ஜனங்களுக்கு அவர் எடுத்துச் சொன்னது, இங்கிருந்து சற்று மேற்கே தூண்களுடன் விளங்கும் பச்சையப்பன் மண்டபத்தில். 1928-இல் சைமன் கமிஷன் பகிஷ்காரத்தின்போது ஆந்திர கேசரி பிரகாசம் போலீஸ் துப்பாக்கிக்கு முன்னால் மார்பைத் திறந்து காட்டியதும் இந்தப் பிராந்தியத்திலேயே. பிராட்வே என்ற சாலை இன்று அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது.

பத்தரை மணிக்குக் கோடவுன் தெரு முனையில் நின்றோம்.

"இவ்வளவு சந்தா?" என்றார் அத்தை.

உண்மையில் அது சந்துதான். மாடிகளுக்கு இடையே வானம் ஒரு நாடாவைப் போல் தெரிகிறது. தலையில் துணிமூட்டையுடன் சுமையாட்கள் "வழி, வழி" என்று குரல் கொடுத்துக்கொண்டு வருகிறார்கள். கைவண்டியும் மீன்பாடி வண்டியும் ஒன்றையொன்று உராய்ந்து செல்கின்றன. இங்கே நேயர்களுக்கு ஒரு வார்த்தை: சுமை கொண்டு வருகிறவனுக்கு நாமே ஒதுங்கி வழிவிட வேண்டும். பாரத்துடன் வரும் வண்டியை நிறுத்தி மறுபடியும் கிளப்புவது எவ்வளவு பிரயாசை என்பது வெறுங்கையுடன் நடக்கும் நமக்குத் தெரியாது.

மாமா கொள்முதல் செய்த கடையின் பெயர் அத்தைக்கு மனப்பாடம். தெருவின் இரு பக்கமும் தேடினோம்; இரண்டு மூன்று பேரை விசாரித்தோம். அப்படி ஒரு கடை இப்போது இல்லை என்றே எல்லோரும் சொன்னார்கள். நமது யோசனையில் இதற்கு இடமே இல்லை. அத்தையின் முகத்தைப் பார்க்க நமக்குச் சங்கடமாக இருந்தது. அவரோ, "கடை போனால் என்ன? தெரு இருக்கிறதே" என்று சொல்லிவிட்டு, எதிரே இருந்த கடையில் படியேறினார்.

கடைக்காரர் நடுத்தர வயதுள்ளவர். அத்தைக்கு முக்காலி போட்டுக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். ரவிக்கைத் துணிகளை எடுத்து விரித்தார். அத்தை விலை கேட்கவில்லை. துணியின் ஓரத்தை இரண்டு விரல்களுக்கு இடையே வைத்துத் தேய்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கஞ்சி எவ்வளவு என்று முகர்ந்தும் பார்த்தார். "இது இரண்டு வெளுப்புக்குத் தாங்காது. இதற்கு மேல்தரம் உள்ளே இருக்குமே, அதை எடுங்கள்" என்றார். கடைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அம்மாவுக்கு ஜவுளி வியாபாரமோ?"

"ஆமாம். மதுராந்தகத்தில்" என்றார் அத்தை.

'இருந்தது' என்று அவர் சொல்லவில்லை, நாமும் திருத்தவில்லை. அதற்குப் பிறகு நடந்த பேச்சு இரண்டு வியாபாரிகளுக்குள் நடந்த பேச்சு. டஜன் கணக்கு, பாக்கிக் கணக்கு, மழை மாதத்து மந்தம், கல்யாண மாதத்து விறுவிறுப்பு என்று அது எங்கெங்கோ சென்றது. அரை மணி நேரத்தில் நமது துணி வேலை முடிந்துவிட்டது. நாம் தனியே வந்திருந்தால் கொடுத்திருக்கக்கூடிய விலையை எண்ணிப் பார்த்து வெட்கமடைந்தோம்.

அந்த முக்காலிக்குப் பக்கத்தில் நின்றபோது நமக்குத் தோன்றிய எண்ணம் இது. துணி வாங்குவதற்காக இந்தக் கரையில் இறங்கியவர்கள் ஒரு காலத்தில் நம்மை ஆண்டார்கள். பின்னர் அவர்களுடைய ஆலைத் துணியே இங்கே வந்து குவிந்தது. 1930-களின் தொடக்கத்தில், சட்டமறுப்பு நாட்களில், இந்த வட்டாரத்து அந்நியத் துணிக் கடைகளின் வாயில்களில் தொண்டர்கள் மறியல் செய்து அடிபட்டார்கள். இவற்றையெல்லாம் சரித்திரம் குறித்து வைத்திருக்கிறது. ஆனால் இங்கிருந்து மூட்டை சுமந்து சென்ற மதுராந்தகத்து மாமாவையும், அவர் திரும்பும்வரை கஜக்கோலைக் கையிலிருந்து வைக்காத அத்தையையும் போன்றவர்களின் கணக்கை எவர் எழுதினார்கள்? இந்தச் சந்து தமிழ்நாட்டின் எத்தனை சிற்றூர்களின் முடிவிடமோ! ஒவ்வோர் ஊரிலும் ஒரு கடை, அதற்குள் ஒரு குடும்பம்.

ஆண்டர்சன் தெருவில் பத்திரிகைக் காகிதம் தேர்ந்தெடுத்தோம். சௌகார்பேட்டையில் தங்கசாலைத் தெருப் பக்கம் சென்று பகல் ஆகாரத்தை முடித்தோம். குஜராத்திகளும் மார்வாரிகளும் தலைமுறைகளாகக் குடியிருக்கும் அந்தப் பேட்டையில் கசோரியும் ஜிலேபியும் விசேஷம். நமது முறுக்குக்கு நடுவே காய்கறித் துண்டுகளை வைத்து அவர்கள் செய்யும் புதுமைப் பட்சணத்தை அத்தை சந்தேகத்துடன் வாயிலிட்டு, பிறகு இன்னொன்று கேட்டார். ஏழு உருப்படிகளில் ஐந்து வாங்கினோம். மீதி இரண்டும் அவசியமில்லை என்று இல்லத்தரசியே தீர்ப்பளித்துவிட்டார்.

மூன்று மணிக்குப் புறப்பட்டுவிட்டோம். உயர்நீதிமன்றத்துக்கு அருகிலும் மண்ணடியிலும் 2019 முதல் நிலத்தடி மெட்ரோ ரயில் நிலையங்கள் இயங்குகின்றன. களைத்த கால்களுக்கு அவை பெரிய உபகாரம். சென்ட்ரல் வரை அதில் சென்று, எதிரே பூங்கா நிலையத்தில் நமது ரயிலைப் பிடித்தோம்.

முதல் தடவை போகிற நேயர்களுக்கு நாம் கற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறோம். நகைகளை வீட்டில் வைத்துவிட்டுச் செல்லுங்கள். சில்லறையை ஒரு பையிலும் பெரிய தொகையை வேறொரு பையிலும் வையுங்கள். உடன் வரும் பெரியவர்களின் சுருக்குப்பையில் உங்கள் தொலைபேசி எண்ணை எழுதிய சீட்டு ஒன்று இருக்கட்டும். பிரிந்துவிட்டால் சந்திக்க ஓர் இடத்தை முன்பே பேசிக்கொள்ளுங்கள். ஸ்திரீகள் ரயில் நிலையத்திலேயே முகம் கழுவிச் சிரமபரிகாரம் செய்துகொள்வது நல்லது. கடைத்தெருவில் அதற்கு வசதி குறைவு. சுமையாளிடம் கூலியை முன்னரே பேசிவிடுங்கள். பேசிய கூலிக்கு மேல் கொஞ்சம் கொடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஜாபிதா எழுதத் தொடங்குமுன் வீட்டில் உள்ள மூத்தவரிடம், 'உங்களுக்கு அங்கே பார்க்க வேண்டியது ஏதேனும் உண்டா?' என்று கேளுங்கள்.

தாம்பரம் தாண்டியதும் கூட்டம் குறைந்தது. அத்தை மடியில் துணிக்கட்டை வைத்துக்கொண்டு வெகு நேரம் மௌனமாக இருந்தார். பிறகு சொன்னார்:

"குறுகல் தெருதான், அப்பா. அந்தக் கூட்டத்தில் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு எப்படித்தான் நடந்தாரோ! வீட்டுக்கு வந்து ஒரு நாளாவது சொன்னாரா?"