பூட்டில்லாத வீட்டில் இரண்டு இரவுகள்

மழையில் நனைவதற்கென்றே மலைக்குப் போகும் மனிதர்கள் இருக்கிறார்கள் என்று சொன்னால் எங்கள் வீட்டுப் பெண்கள் நம்பமாட்டார்கள். நானும் 2019 செப்டெம்பர் வரை நம்பவில்லை.

உறவினர் ஒருவரைப் பார்க்க ஸ்கொட்லாந்தின் அபர்டீன் நகருக்குச் சென்றிருந்தேன். என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் அங்கே மேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த கையோடு, தன் நண்பர்கள் இருவருடன் என்னையும் கெயர்ன்கோர்ம் மலைப்பகுதிக்கு அழைத்துச் சென்றார். லின் ஒஃப் டீ என்ற இடத்தில் வாகனத்தை விட்டு, சுமார் 13 கிலோமீட்டர் நடக்க வேண்டும். வழியில் லூய்பெக் என்ற ஓடை. கல்லுக்குக் கல் தாவிக் கடந்தோம். சப்பாத்து நனையவில்லை. அதன் பிறகு பிடித்த மழை ஞாயிறு வரை விடவில்லை.

நாங்கள் தங்கப்போனது 'பொத்தி' ஒன்றில். நம்மூர் வாழைப்பொத்தி அல்ல. மலைவழியில் ஆளில்லாமல் நிற்கும் சிறு வீட்டுக்கு அங்கே அப்படிப் பெயர். மேய்ப்பர்களும் வேட்டைக் காவலர்களும் விட்டுப்போனவை பல. 1965ஆம் ஆண்டு தொடங்கிய தொண்டர் சங்கம் ஒன்று இப்படிச் சுமார் நூறு வீடுகளைப் பராமரிக்கிறது. வாடகை இல்லை, முன்பதிவு இல்லை, பூட்டும் இல்லை. மின்சாரமும் குழாய்த் தண்ணீரும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வருபவர் எவரானாலும் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகலாம். போகும்போது கூட்டித் துப்புரவாக்கி, தன் குப்பையைத் தானே சுமந்து செல்ல வேண்டும். அவ்வளவுதான் சட்டம்.

எங்களுடையது கொரூர் பொத்தி. மான்களைக் காவல் செய்பவருக்காக 1877இல் கட்டிய ஒற்றை அறைக் கல்வீடு. நாங்கள் போனபோது வயதான ஒருவரும் அவருடைய மகளும் ஏற்கெனவே இருந்தார்கள். "ஒரே அறையில் பெண்பிள்ளை எங்கே படுத்தது?" என்று என் வீட்டுக்காரி பின்னர் முதல் கேள்வியாகக் கேட்டார். தகப்பனும் மகளும் உட்சுவரோரம் படுத்தார்கள். நடுவில் எங்கள் மழைவிரிப்பைக் கயிறு கட்டித் தொங்கவிட்டு, நாங்கள் கதவடியில் சுருண்டோம். கதவுக்குக் கீழால் வந்த காற்று விடியும்வரை என் முதுகிலேயே இருந்தது.

மஃரிபுக்கு ஆற்றுத் தண்ணீரில் வுழூ செய்தேன். விரல்கள் மரத்துவிட்டன. ஊர்ப் பழக்கத்தில் மேற்கே திரும்பி நின்றேன். மாணவர் திசைகாட்டியைப் பார்த்து என் தோளைப் பிடித்துத் தென்கிழக்கே திருப்பினார். அந்தப் பெரியவர் ஒன்றும் கேட்காமல் தன் படுக்கையைச் சுருட்டி இடம் விட்டார். தொழுகை முடிந்ததும் ரொட்டியும் கட்டாசம்பலும் இஞ்சிப் பிளேன்டீயும். சம்பலை ருசிபார்த்த அந்தப் பெண்பிள்ளை கண்ணீரோடு சிரித்தார்.

மறுநாள் பென் மக்டூயி மலையில் ஏறுவதாகத் திட்டம். பிரித்தானியாவின் இரண்டாவது உயரமான மலை, 1,309 மீட்டர். நம் பீதுருதாலகாலை 2,524 மீட்டர் ஆயிற்றே! எனக்கு உள்ளுக்குள் இளக்காரம்தான். காலையில் மலையே தெரியவில்லை. மேகம் கூரைவரை இறங்கியிருந்தது.

"ஹஸரத், இன்றைக்கு வேண்டாம்" என்றார் மாணவர்.

"இவ்வளவு தூரம் வந்து, மழைக்குப் பயந்து உட்கார்ந்திருப்பதா?" என்றேன். குரல் சற்று உயர்ந்துவிட்டது. வகுப்பறைக் குரல்.

அவர் தலையைக் குனிந்தபடியே சொன்னார். 1971 நவம்பரில் மேலேயுள்ள அந்த மேட்டுநிலத்தில் எடின்பரோ பாடசாலைப் பிள்ளைகள் ஐந்து பேரும், அவர்களோடு போன பயிற்சி ஆசிரியை ஒருவரும் பனிப்புயலில் சிக்கி இறந்தார்களாம். அவர்கள் தேடிப்போனதும் இப்படி ஒரு சிறு குடிலைத்தான். அதை அடைய முடியவில்லை. அதன் பிறகு, பிள்ளைகளை நம்பவைத்து மேலே இழுக்கும் என்று சொல்லி அந்த உயரத்துக் குடில்கள் சிலவற்றை இடித்தே விட்டார்கள்.

"இது பனிக்காலம் இல்லையே" என்றேன், விடாமல்.

"பாதை தெரியாது, ஹஸரத். உங்களை வீட்டில் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டியவன் நான்."

எனக்குக் கோபம் ஆறவில்லை. உண்மையைச் சொன்னால், நண்பகல்வரை யாரோடும் சரியாகக் கதைக்கவில்லை. அன்றைய பகல் முழுவதும் அறைக்குள்ளேயே கழிந்தது. நனைந்த மேசான்களின் வாடை, கூரையில் மழை, அந்தப் பெரியவரின் சீட்டுக்கட்டு.

ஞாயிறு திரும்பும்போது லூய்பெக் ஓடை இருந்த இடத்தில் ஓடை இல்லை. கபில நிறத்தில் ஓர் ஆறு போய்க்கொண்டிருந்தது. வெள்ளி மாலை தாவிய கற்களில் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. தண்ணீருக்கடியில் பாறைகள் உருளும் சத்தம் மட்டும் கேட்டது. மாணவர் என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை, ஒன்றும் சொல்லவும் இல்லை. கரையோரமாக மேலே நடந்தார், அங்கே ஒரு பாலம் இருந்தது. நான் பின்னால் போனேன்.

அன்றிரவு தொலைபேசியில் வீட்டுக்காரி, "மலை ஏறினீர்களா?" என்று கேட்டார்.

"இல்லை. மேசான் இன்னும் காயவில்லை" என்றேன்.